சனிக்கிழமை மட்டும் அம்மாவுக்கு வலி ஏன்?

டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 68. மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை விழுங்கி வலியைச் சமாளித்துவந்தவருக்கு, ஓயாத வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் தோலில் ஒட்டும் ஃபென்டனில் (மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி) பேட்ச்சுக்கு மாற்றினார். மணிக்கு 25 மைக்ரோகிராம் அளவு. 'வாரத்துக்கு இரண்டு' என்று புரிந்துகொண்டு, ஞாயிறு காலையிலும் புதன் காலையிலும் மாற்றுகிறார்கள். வலி நன்றாகவே அடங்கியது. ஆனால், "சனிக்கிழமை வந்தாலே அம்மா துடிக்கிறார், டாக்டர். வியர்த்துக் கொட்டுகிறது, ஓயாமல் கொட்டாவி விடுகிறார், ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. ஏழரை நடக்கிறது, எள் தீபம் ஏற்று என்கிறார் சித்தி" என்று எழுதுகிறார்.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், ஃபென்டனிலால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் சாகிறார்கள் என்ற செய்திகளை அனுப்பி, "அம்மாவைப் போதைக்கு அடிமையாக்குகிறாய்" என்று சண்டை போடுகிறார். உள்ளூர் மருந்துக் கடைக்காரர் மருந்தின் பெயரைப் படித்ததும் சீட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். கூடவே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சித்திக்கு வயது 62, மூட்டுத் தேய்மானம். "எனக்கும் ஒன்று கொடு, முழுதாக வேண்டாம் என்றால் பாதியாக வெட்டிக் கொடு, முழங்காலில் ஒட்டிக்கொள்கிறேன்" என்கிறார். இதற்கு நடுவே, போகிற போக்கில் சில வரிகள். சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு அம்மாவுக்குக் குளிரெடுத்ததால் தோளில் வெந்நீர்ப் பை வைத்தார்களாம். மறுநாள் விடிந்து வெகுநேரம் வரை அவரை எழுப்பவே முடியவில்லையாம். கழற்றிய பேட்ச்சைச் சமையலறைக் குப்பைக்கூடையில் போடுகிறார்களாம். மூன்று வயது மகன், "பாட்டி மாதிரி எனக்கும் ஒட்டு" என்று கேட்கிறானாம்.

கடைசியில் ஒரு கேள்வி: அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்படுகிறார். குளிப்பாட்டலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டது சனிக்கிழமையைப் பற்றி. நான் மூன்று முறை திரும்பிப் படித்தது குப்பைக்கூடை வரியை. எனவே உங்கள் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கூடையில் இப்போது ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கழற்றிய பேட்ச் காலிப் பேட்ச் இல்லை

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 25 மைக்ரோகிராம், 72 மணி நேரம்: மொத்தம் 1.8 மில்லிகிராம் அம்மாவின் உடலுக்குள் போகிறது. ஆனால் அந்தப் பேட்ச்சுக்குள் சில தயாரிப்புகளில் 4 மில்லிகிராமுக்கு மேல் மருந்து வைத்திருப்பார்கள். பேட்ச்சில் மருந்து அடர்ந்திருந்தால்தான் அது தோலைத் தாண்டி ஒரே சீராக இறங்கும். அதற்காகவே தேவைக்கு மேல் வைக்கிறார்கள். அப்படியானால் மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பிறகும் பாதியளவு மருந்து அதிலேயே தங்கியிருக்கலாம். மார்ஃபின் பழகிய உங்கள் அம்மாவுக்கே மூன்று நாளைக்கு 1.8 மில்லிகிராம்தான். பதின்மூன்று, பதினான்கு கிலோ எடையுள்ள உங்கள் மகன் அந்த மீதியை எடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டாலோ வாயில் போட்டுச் சப்பினாலோ மூச்சு நின்றுவிடக்கூடும். கூடையில் கிடந்ததை எடுத்து ஒட்டிக்கொண்டும், பெரியவரின் உடம்பிலிருந்து கழன்று படுக்கையில் கிடந்தது தற்செயலாக ஒட்டிக்கொண்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் என்றால் உயிரை விடும் வயது அது.

கழற்றிய உடனேயே ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி அழுத்துங்கள். பிறகு கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபென்டனில் பேட்ச்சுக்கு இதைத்தான் சொல்கிறது. உங்கள் மருத்துவமனை பழைய பேட்ச்களைத் திருப்பிக் கேட்டால், மடித்தவற்றை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். புதியவையும் அதே பூட்டுக்குள்தான். மாற்றும்போது பையன் பார்க்காமல் இருப்பது நல்லது. கையைத் தண்ணீரில் கழுவுங்கள். பாட்டியோடு படுத்துத் தூங்குகிறான் என்றால், காலையில் பேட்ச் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

சனிக்கிழமைக் கணக்கு

இப்போது சனீஸ்வரனிடம் வருவோம். எள் தீபம் ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இதில் அவர் நிரபராதி.

ஃபென்டனில் பேட்ச்சின் ஆயுள் 72 மணி நேரம். ஞாயிறு காலை 8 மணிக்கு ஒட்டியது புதன் காலை 8 மணிக்கு முடிகிறது, அதுவரை சரி. புதன் காலை ஒட்டியது சனி காலை 8 மணிக்கே முடிந்துவிடுகிறது. நீங்கள் மாற்றுவதோ ஞாயிறு காலை. அந்த நான்காவது நாள் முழுவதும் அம்மா தேய்ந்துபோன பேட்ச்சோடு கிடக்கிறார். வலி ஏறுகிறது. வியர்வையும் கொட்டாவியும் மருந்து திடீரென்று குறைந்ததற்கு உடல் காட்டும் அறிகுறிகள். 'வாரத்துக்கு இரண்டு' என்பது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பேசுவதற்கு எளிது என்று எங்கள் ஆட்களே அப்படிச் சொல்லிவிடுவதுண்டு. வாரத்தின் கிழமைகளோடு இந்த மருந்து ஒத்துப்போகாது. திங்கள் ஒட்டினால் அடுத்தது வியாழன், பிறகு ஞாயிறு, பிறகு புதன், பிறகு சனி என்று நகர்ந்துகொண்டே போகும். தினசரி நாள்காட்டியில் மாற்ற வேண்டிய தாள்களில் முன்கூட்டியே வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். ஒட்டிய நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். 30 நாளைக்கு 10 பேட்ச் வேண்டும். எட்டு வாங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பற்றாக்குறைதான் சனிக்கிழமையாக வந்து நிற்கிறது. மருத்துவரிடம் போனில் இதைச் சொல்லி, அவர் எழுதியது 72 மணி நேரம்தானா என்று உறுதிசெய்துகொண்டு மாற்றுங்கள்.

மூன்று நாள் கணக்கைச் சரியாகப் பின்பற்றியும் மூன்றாம் நாள் மாலையில் வலி எட்டிப்பார்த்தால், அளவைக் கூட்டுவதா, சிலருக்குச் செய்வதுபோல் 48 மணி நேரத்தில் மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக இரண்டாவது பேட்ச்சை ஒட்டிவிடாதீர்கள். இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து. முதன்முதலில் ஒட்டியபோது பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகியிருக்கும். கழற்றினாலும் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், தோலுக்கடியில் சேர்ந்திருப்பது கசிந்துகொண்டே இருப்பதால்.

நடுவில் சுருக்கென்று வரும் வலிக்கு மார்ஃபின் மாத்திரையைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது வழக்கம். 'இரண்டும் சேரக்கூடாது' என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை; எவ்வளவு, எத்தனை முறை என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். எலும்பில் பரவிய புற்றுக்கு, வலிக்கும் இடத்தில் ஒரே ஒருமுறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி கணிசமாகக் குறைகிறது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ சிறுநீர் பிரியாமல் போனாலோ அது முதுகுத்தண்டு நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மலம் போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. நாங்கள் வலியைப் பற்றிக் கேட்டதும் அடுத்து கேட்பது அதைத்தான். இந்த வகை மருந்தின் மற்றத் தொல்லைகள் உடலுக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. அதுவே வாந்திக்கும் காரணமாவதுண்டு. மலமிளக்கியை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குவது பற்றிக் கேளுங்கள்.

வெந்நீர்ப் பை இரவு

அந்த ஞாயிறு இரவு நடந்ததை, "அசந்து தூங்கிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று காலைதான் புதுப் பேட்ச் ஒட்டியிருக்கிறீர்கள். இரவில் குளிரெடுத்தது என்றால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்திருக்கும். அதற்கு மேல் பேட்ச் இருந்த தோளில் வெந்நீர்ப் பை. சூடு பட்டால் தோலின் இரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக உறிஞ்சப்படும். உடல் சூடு 104 டிகிரிக்கு ஏறினாலே இரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு சூடும் சேர்ந்துவிட்டன. அம்மா தப்பித்தார்.

வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடம், வெயிலில் நாற்காலி போட்டு உட்காருவது எதுவும் பேட்ச் பக்கம் வேண்டாம். காய்ச்சல் வந்தால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அப்போது வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் பேட்ச் இருப்பதை முதலில் சொல்லுங்கள்: கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வாய்ப்புண் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகனசோல் போன்றவை ஃபென்டனில் உடலை விட்டு வெளியேறுவதைத் தடுத்து அளவை ஏற்றிவிடும். தூக்க மாத்திரையும் கூடுதல் ஆபத்து. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் சொல்ல வேண்டும். சில பேட்ச்களின் முதுகில் உலோக இழை உண்டு.

இனி ஒருமுறை அப்படி எழுப்ப முடியாமல் கிடந்தால், பக்கத்தில் உட்கார்ந்து மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தாலோ, குறட்டை போலக் கரகரப்பு கேட்டாலோ பேட்ச்சைக் கழற்றுங்கள், 108-ஐ அழையுங்கள், ஃபென்டனில் பேட்ச் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. கழற்றிய பின் கண் விழித்துப் பேசினாலும் ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

அண்ணனிடம் என்ன சொல்வது

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. 2022இல் மட்டும் அமெரிக்காவில் 70,000-க்கும் மேற்பட்டோர் செயற்கை ஓபியாய்டுகளால் (மார்ஃபின் போல் வேலை செய்யும் மருந்துகள்) இறந்தார்கள். அதில் பெரும்பங்கு ஃபென்டனில். ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை திருட்டுத்தனமாகத் தயாரித்து விற்கும் தூளாலும் போலி மாத்திரையாலும் வந்தவை, அளவு யாருக்கும் தெரியாதவை. அதற்கு முன்பே மருத்துவர்கள் முதுகுவலிக்கெல்லாம் இந்த வகை மாத்திரைகளை அள்ளி எழுதியதில்தான் அந்தக் கதை தொடங்கியது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

சனிக்கிழமைக் கொட்டாவியைக் காட்டி, "பார், அடிமையாகிவிட்டார்" என்று அவர் சொல்லக்கூடும். உடல் ஒரு மருந்துக்குப் பழகி, அது குறைந்தால் முரண்டு பிடிப்பது வேறு. கேடு விளைகிறது என்று தெரிந்தும் மருந்தைத் தேடித் தேடி ஓடுவது வேறு; அடிமைத்தனம் என்பது இரண்டாவது. உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறார்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குச் சோறு ஊட்டுகிறார். கோபத்தில் யாராவது பேட்ச்சைப் பிடுங்கி எறிந்தால்தான் அவர் படுத்துவிடுவார். அண்ணன் ஊருக்கு வரும்போது சனிக்கிழமை வராமல், அடுத்த மாதம் கணக்கைச் சரிசெய்த பிறகு வரட்டும்.

மருந்துக் கடைக்காரர் மீதும் கோபப்படாதீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) வந்த பிறகு, தண்டனைக்குப் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்டன. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில் நம் நோயாளிகள் மார்ஃபின் இல்லாமல் கதறினார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று தனியாகப் பிரித்தார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைத்து நோயாளிக்குத் தரலாம். எனவே கடை கடையாக அலைவதை விட்டு, எழுதிக்கொடுத்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். மருத்துவரின் சீட்டோடு அம்மாவுக்காக வாங்கி வைத்திருப்பது குற்றமில்லை. சீட்டின் நகலையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் பேட்ச்சோடு சேர்த்தே வையுங்கள், பயணத்திலும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

சித்திக்கு: வேண்டாம்

சித்தி ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அது அவர் தவறில்லை. வலி இருக்கும் இடத்தில் ஒட்டி அந்த இடத்தைச் சுள்ளென்று சூடாக்கும் பிளாஸ்திரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். டைக்ளோஃபினாக் பேட்ச்சும் ஓரளவு அப்படித்தான், வலிக்கிற இடத்தில் ஒட்டுவது. ஃபென்டனில் பேட்ச்சுக்கு எந்த இடம் வலிக்கிறது என்பது பொருட்டே இல்லை. மேற்கையில் ஒட்டினாலும் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்த்தான் வலியை அடக்குகிறது. மூச்சையும் அங்கேதான் அடக்குகிறது. அம்மாவின் உடல் நாளுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபினுக்குப் பழகிய பிறகே 25க்கு மாற்றப்பட்டது. இந்த வகை மருந்தையே தொடாத சித்திக்கு அதே 25 தூக்கத்திலேயே மூச்சை நிறுத்தக்கூடும். வெட்டினால் இன்னும் மோசம்: சில பேட்ச்களில் மருந்து பைபோல் தேங்கியிருக்கும், வெட்டியதும் மொத்தமாக வழிந்துவிடும். வழியாத வகையையும் வெட்டக்கூடாது என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, சித்திக்கென்றே மருத்துவர் குறைந்த அளவில் எழுதித் தரலாமே என்று கேட்பீர்கள். ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்றும் பியூப்ரினார்ஃபின் பேட்ச் இருக்கிறது. மணிக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஓரளவு தாங்கும். எல்லா வழியும் அடைத்துப்போன சிலருக்கு நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு அது முதல் கதவு ஆகாது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதுகுவலி, இடுப்பு மூட்டு அல்லது முழங்கால் தேய்மான வலி உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓபியாய்டும் மறுபாதிக்குச் சாதாரண வலிநிவாரணிகளும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். நடமாட்டத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. வலி சற்றுக் குறைவாக இருந்தது சாதாரண மருந்து எடுத்தவர்களுக்கே. தொல்லைகள் கூடுதலாக இருந்தது ஓபியாய்டு எடுத்தவர்களுக்கு.

சித்தி செய்ய வேண்டியது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை தூக்கி வைப்பதில் தொடங்கலாம். மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் ஒரு கைத்தடி, எடை கூடுதல் என்றால் குறைப்பது. வயிற்றைக் கெடுக்கும் வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடுவதை நிறுத்தட்டும். மூட்டு முழுதாகத் தேய்ந்திருந்தால் மாற்று அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தன் முழங்காலைத் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் நீங்கள் விடுப்பு எடுத்து அவரை அழைத்துப் போங்கள்.

எண்ணெய்க் குளியல்

குளிப்பாட்டுங்கள். தலையில் எண்ணெய் வைக்கலாம், பேட்ச் இருக்கும் பக்கத் தோளுக்கு வழியாமல் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அவருக்குப் பிடித்த அந்த ஆவி பறக்கும் தண்ணீர் இனி வேண்டாம். இடுப்பெலும்பு பலவீனமாக இருப்பதால் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள்.

மாற்றும் நாளிலேயே குளியலை வைத்துக்கொண்டால் வசதி. பழையதைக் கழற்றி மடித்துவிட்டுக் குளிப்பாட்டி, உடம்பு நன்றாக உலர்ந்து ஆறிய பின் வேறு இடத்தில் புதியதை ஒட்டுங்கள். மேல்மார்பு, மேற்கை, முதுகின் மேல்பக்கம் எதுவும் ஆகும்; கதிர்வீச்சு பட்ட தோல் மட்டும் வேண்டாம். ஒட்டும் இடத்தில் சோப்பு, மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் படக்கூடாது, வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சீயக்காய் தேய்க்கும்போதோ வியர்வையிலோ ஓரம் கிளம்பினால் மேலே சிறிது மருத்துவ டேப் ஒட்டலாம். முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால், விழுந்ததைத் தேடி எடுத்து மடித்துவிட்டு, வேறு இடத்தில் புதியதை ஒட்டி, அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்தைப் புதிதாக எண்ணி நாள்காட்டியில் வட்டங்களை மாற்றிப் போடுங்கள்.